பாக்கியம் அக்காவுக்கு நாள் தெரியாது

சனிக்கிழமை காலை போதகர் தொலைபேசியில் அழைத்தபோது நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "டீச்சர், பாக்கியம் அக்கா போயிற்றா. நித்திரையிலேயே போயிருக்கா. மகள் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பின பொறகுதான் தெரிஞ்சதாம்" என்றார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நித்திரையில் போவதும் இவருக்குத்தான் வாய்த்திருக்கிறது என்ற நினைப்புத்தான் வந்தது. அவரைத் தெரிந்த உங்களுக்கு இது வாசிக்க நன்றாக இராது. நாங்கள் இருவரும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாக வீடு சந்திப்புக்குப் போனவர்கள் என்பதால், சபையின் மாதப் பத்திரிகைக்கு நானே எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அந்த இருபத்திரண்டு ஆண்டும் நான் அவர்மேல் பொறாமைப்பட்டது கேட்டவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை.

பாக்கியம் அக்கா தன்னாமுனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்த வழியில் எங்கள் சபைக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றார். நான் கணித ஆசிரியையாக இருந்தேன். புதன்கிழமைகளில் மாதர் சங்கத்தார் நோயாளிகளைப் பார்க்கப் போவோம். வேதம் வாசிப்பதும், "உங்களுக்கு இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" என்று கேட்பதும் என் பொறுப்பு. அக்கா கால்மாட்டில் இருந்து நோயாளியின் பாதத்தைத் தடவிக்கொண்டிருப்பார். வெளிக்கிடும்போது வீட்டார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடுத்த கிழமையும் வாங்க" என்பார்கள். என்னைப் பார்த்து, "டீச்சர், கவனமாப் போங்க" என்பார்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் ஞாயிறு. எழுந்து நிற்பவர் தாம் ஆண்டவரை ஏற்று இரட்சிக்கப்பட்ட நாளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நாள், மாதம், ஆண்டு. அது எழுதப்படாத சட்டம். அக்கா எழுந்த அன்று, "எனக்கு நாள் தெரியா. ஒருநாள் பாத்தன், உள்ளதான் நிக்கிறன். எப்ப வந்த எண்டு கவனிக்கல்ல" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். முன் வாங்கில் இருந்து திரும்பி, "நாள் தெரியாட்டி நிச்சயம் எப்பிடி வரும் அக்கா?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் பொறந்த நாளும் எனக்குத் தெரியா, டீச்சர். பெரிய வெள்ளத்துக்கு அடுத்த விதைப்புக்குள்ள பொறந்ததாம். அடையாள அட்டையில கிடக்கிறது கிளாக்கர் ஐயா போட்ட நாள். அதுக்காக நான் பொறக்கல்ல எண்டு சொல்லேலுமா?" என்றார்.

சபை முழுவதும் சிரித்தது. போதகரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. எல்லோரும் சிரித்ததால் என்று நினைத்திருப்பீர்கள். அது மட்டுமல்ல.

என் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு நாள் எழுதியிருக்கிறது. எனக்குப் பதினேழு வயது. கல்குடாவில் வெளியரங்குக் கூட்டம். இரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள் என்று பிரசங்கியார் அழைத்தவுடன் என் இரண்டு பக்கமும் இருந்த சிநேகிதிகள் அழுதுகொண்டு எழும்பிப் போனார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நுளம்பு கடித்தது, முழங்கால் நொந்தது, அவ்வளவுதான். எல்லோரும் உள்ளே போகிறார்கள், நான் மட்டும் வெளியே நிற்கப் போகிறேன் என்ற ஆற்றாமையில் எழும்பினேன். வீட்டுக்கு வந்து நாளை எழுதினேன். பிறகு சாட்சி சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஐந்தாறு ஆண்டில் கண்ணீர் சேர்ந்தது, அதற்கப்பால் நெஞ்சில் ஒரு சூடு சேர்ந்தது. கிளாக்கர் ஐயா போட்ட நாள் என்று அக்கா சொன்னபோது, என் நாளையும் எழுதிய கிளாக்கர் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பிறருக்கு மோட்சத்தின் வழி சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்குத் தன் பங்கு அங்கே இருக்கிறதா என்று தெரியாது. அக்காவோ கவலையில்லாமல் திரிந்தார். வயிறு எரியாதா?

என் கணவர் கிரானைச் சேர்ந்தவர். வயலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். ஈரல் வருத்தத்தில் படுத்தபின் அவருக்குச் சாகப் பயம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் நான் வேதம் வாசித்தேன், அந்தக் கேள்வியையும் கேட்டேன். ஒருநாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ கேக்கக் கேக்க எனக்குப் பயம் கூடுது. பாக்கியம் அக்காவ வரச்சொல்லு" என்றார். முப்பத்து நான்கு ஆண்டு கூட வாழ்ந்தவளிடம் சொன்ன வார்த்தை அது.

நானே போன் பண்ணினேன். அக்கா வந்து வழக்கம்போலக் கால்மாட்டில் இருந்தார். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் பெரிய நல்லவனில்ல. உள்ள விடுவாங்களா?"

"அப்பன்ட வீட்டுக்குப் போற புள்ள அடையாள அட்டையா கொண்டு போற, தம்பி? சும்மா போ."

"அங்க வயல் வட்டை இரிக்குமா?"

"அது எனக்குத் தெரியா. வயலும் வாய்க்காலும் இரிந்தாத் தண்ணி கட்ட ஆள் வேணுமே. அதுக்குத்தான் உன்னக் கூப்பிடுறாராக்கும்."

என் கணவர் சிரித்தார். இரண்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அக்காவின் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறதியாக அல்ல, வேண்டுமென்றே. அவர் இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பவர். ஒரு சொல்லும் சொல்லாமல் அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையைத் தந்தார். ஆறு நாளில் என் கணவர் அமைதியாகப் போனார். அந்த அமைதிக்கும் நான் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை.

போன மாதம் அக்கா படுக்கையில் விழுந்தபோது, எந்த நோயாளியிடமும் கேட்கும் கேள்வியோடு அவரிடமும் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் நடுங்குவதை ஒருமுறை பார்க்க விரும்பினேன்.

"பயமில்லையா அக்கா?"

"பயம் இரிக்கி, புள்ள. மூச்சு முட்டுறத நினைச்சாப் பயம்தான். போற இடத்தப் பத்திப் பயமில்ல."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கல்குடாவில் ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் சொன்னேன். சிவப்பு மையைச் சொன்னேன். ஒவ்வொரு சாட்சிக்கும் கண்ணீர் சேர்த்ததைச் சொன்னேன். "இத்தன வருசமும் கள்ள நாள் காட்டினவள ஆண்டவர் உள்ள எடுப்பாரா அக்கா?" என்று கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, "தம்பிட வருத்தத்துக்குள்ள ஒருநாள் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தந்தாயே" என்றார்.

நான் அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"வேணுமெண்டுதான் தந்த. எனக்கு விளங்கிச்சு. நான் குடிக்கல்லையா? ஆண்டவர் என்னவிடக் கொடுமக்காரனா?" அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கால்மாட்டுக்குப் போய் இருந்து பாதத்தைத் தடவினேன். எனக்கு அது சரியாக வரவில்லை. "மெதுவா, புள்ள, மாவா பிசையிற?" என்றார்.

அடக்கத்தன்று எத்தனையோ பேர் அவர் மோட்சம் போய்விட்டார் என்று சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பழைய எரிச்சலே வந்தது. அக்காவின் வார்த்தையால் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு கள்ள நாளாகிவிடும். பெட்டியை இறக்கும்போது கூட, இவர் நேரே உள்ளே போய்விட்டார், நான் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. இல்லாத வீட்டுக்குள் போனவர்மேல் ஒருவருக்கும் பொறாமை வராது. பதினேழு வயதிலிருந்து எனக்கு விசுவாசம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருக்கிறது. பொறாமை என்ற பெயரில் இருந்திருக்கிறது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். சிவப்பு மையை நான் அழிக்கவில்லை. கடைசி ஞாயிறு எழுந்து நிற்பேன், நாள் சொல்ல மாட்டேன். முன் வாங்கில் இருந்து யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே போகக் கிடைத்தால் முதலில் குசினி எங்கே என்று கேட்பேன். அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்ற வேண்டும். இரண்டு கரண்டி சீனி போட்டு.