மாமாவின் மூன்று பெட்டிகள்

ஒருவன் டிவியையும் ஓடவிட்டு, செல்போனில் பாட்டையும் போட்டு, நடுவில் என்னிடமும் பேசினால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். பிழைப்புக்காகப் பல ஊர்களில், பல அறைகளில் ஆட்களோடு ஆட்களாகப் படுத்திருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்கியிருக்கிறேன். அந்தக் கோபம் என் தாய்மாமாவிடம் ஆரம்பித்தது.

மாமா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கினார். பக்கத்து அறை வெடித்த அன்று வெளியே ஓடிவந்து நின்றவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. உனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று கம்பெனியில் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் குலசாமிக்குக் கிடாய் வெட்டிக் கறி தின்றோம். அதற்குப் பிறகு அவர் வேலைக்கே போகவில்லை. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் கிரிக்கெட். அலமாரியில் ரேடியோ. கையில், கீச்சு கீச்சென்று கத்தும் செல்போன் கேம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "ஒங்க மாமா என்னலே, டூரிங் டாக்கீஸா நடத்துறாரு?" என்று பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பிடித்துக் கேட்பாள். எனக்கு மானம் போகும்.

அம்மா பகலில் கம்பெனி வேனில் போய்விடுவாள். மற்ற நேரத்தில் வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவாள். பசை ஈரத்தோடு அவற்றை வாசலில் சாக்கு விரித்துக் காயப் போடுவாள். மழை வந்தால் அள்ளி உள்ளே போட வேண்டும். மாமாவுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

தீபாவளி சீசன். மறுநாள் காலையில் குழாயை வாங்க ஏஜென்ட் வருவதாக இருந்தது. கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு வீட்டுக்குப் போய்விடும். "மேக்க கருத்துட்டு வருது. வாசல்லயே ஒக்காந்திருலே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா வேன் ஏறினாள்.

பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே ஓடிவந்தேன். வாசலில் குழாய்கள் கூழாகிக் கிடந்தன. காகிதச் சாயம் சிவப்பாகச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, டிவியின் அடியில் விருதுநகர் மாவட்டத்தில் மழை என்று எழுத்து ஓடியது. மாமா செல்போனைக் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, மழை!"

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எங்கன?" என்றார்.

எங்கனயாம்!

மழை விட்ட பிறகு அம்மா வந்து இறங்கினாள். வாசலைப் பார்த்தாள். நேரே உள்ளே வந்து டிவி வயரைப் பிடுங்கினாள். ரேடியோவை அணைத்தாள். செல்போனைப் பறித்து பேட்டரியைக் கழற்றினாள்.

"ஏலே, வானம் இடிஞ்சு விழுந்தாலும் ஒனக்குத் தெரியாதாலே? நாளைக்கு அந்த ஆளு மொகத்துல நான் எப்படி முழிக்க?"

வீடு அமைதியானது. நாலு அறை விழும் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். மாமா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"எதையாச்சும் போடுக்கா. இரைச்சல் தாங்கல."

"எந்த இரைச்சல்லே?"

"வெடிச்ச அன்னையில இருந்து காதுக்குள்ள கூவிக்கிட்டே இருக்கு. நிக்கவே மாட்டேங்குது."

நானும் உற்றுக் கேட்டேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். அடிக்குப் பயந்து புளுகுகிறார் என்று முடிவு கட்டினேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே டிவியைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளை அடிக்காத வீட்டில் சோறு வேண்டாம் என்று பட்டினியாகப் படுத்தேன்.

காலையில் ஏஜென்ட் வந்து கூழைப் பார்த்தார். உள்ளே கிரிக்கெட்டும் பாட்டும் காதைப் பிளந்தன. "அந்தச் சனியன நிப்பாட்டச் சொல்லுங்கம்மா, பேச முடியல" என்றார்.

"அது ஓடட்டும். நீங்க கத்தியே பேசுங்க" என்றாள் அம்மா.

அவர் எங்களுக்குக் கொண்டுவந்திருந்த காகிதக் கட்டை எதிர்வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் ஆர்டர் எங்களிடமே இருந்திருக்குமே, இந்த அம்மாவுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.