சுலோஜனா கை நீட்டாத நாள்

சுலோஜனா என் தம்பி தங்கத்துரையின் பெண்சாதி. எங்கள் சல்லிக் கிராமத்தில் அவளிடம் அடி வாங்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் அதில் ஒருத்தி, அதுவும் மூத்த மச்சாள் என்ற மரியாதையில் தப்பியது. சந்தையில் நிறையைக் குறைத்துச் சொன்ன ஒருவனின் மண்டையில் தராசுத் தட்டால் போட்டவள் அவள். மகன் ரிஷிகேசனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாஸ்டர் பிரம்பால் அடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் மாஸ்டரின் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு வந்தாள். "என்ர பிள்ளைக்கு அடிக்க நான் இருக்கிறன்" என்றாளாம். இருந்தாள்தான், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அவளை நல்லவள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கெட்டவள் என்று எவராவது வாய் திறந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கல்யாணமாகி வந்தபோது அவள் இப்படி இல்லை. அடித்தவன் என் தம்பி. பேய் பிசாசு அண்டாமலிருக்கக் கதவு நிலைக்கு மேலே ஒரு திருக்கைவால், திருக்கை மீனின் சவுக்கு மாதிரியான வால், செருகியிருந்தது. குடித்துவிட்டு வந்தால் அதைத்தான் உருவுவான். காய்ந்த திருக்கைவால் பட்ட இடத்தில் தோல் நிற்காது. அவள் கத்துவது பக்கத்து வளவில் இருக்கும் எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே சோறு வடிப்பேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

ரிஷிக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒருநாள் அவள் அந்த வாலைப் பறித்துத் திருப்பி விளாசினாள். தம்பி முற்றத்தில் விழுந்து உருண்டான். ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. இன்னும் போடு, இன்னும் போடு என்று என் மனம் சொன்னது. அடுத்த கிழமை முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்கென்று போனவன் திரும்பி வரவில்லை. அவன் போய்விட்டான், அவள் தூக்கிய கை மட்டும் இறங்கவில்லை. வீட்டில் அடிப்பதற்கு மிச்சமாக இருந்தது பிள்ளைதான்.

ரிஷிக்கு இப்போது பதினேழு. கிற்றார் வாசித்துப் பாடுவான். எந்த வெக்கையிலும் முழுக்கைச் சேட்டுத்தான் போடுவான், ஏனென்று எல்லோருக்கும் தெரியும். மட்டக்களப்பில் ஒரு இசைக்குழு அவனைத் தங்களோடு வந்து தங்கச் சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திருகோணமலைக் கடற்கரையில் இளைஞர் இசைவிழா வந்தது. இவன் பெயரும் தெரிவாகியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தாயையோ தகப்பனையோ கூட்டிவர வேண்டுமாம். முதல்நாள் அவன் குசினி வாசலில் நின்று தாயிடம் கதைத்தான். நானும் அங்கே இருந்தேன்.

"வாங்கோ அம்மா. ஆனா நாளைக்கு முழுக்க நீங்கள் ஆரிலயும் கை வைக்கக் கூடாது. என்னில மட்டுமில்ல, ஆரிலயும். வச்சீங்களெண்டா நான் இனி வீட்ட வரமாட்டன். அங்கயிருந்தே மட்டக்களப்பு பஸ் ஏறிடுவன்."

அப்போதே ஒன்று விழும் என்று நான் நினைத்தேன். அவள் மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"வைக்காட்டி?"

"வைக்காட்டி வீட்ட வருவன். உங்களோடயே இருப்பன்."

"ஓம்" என்றாள். அவன் போன பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சாள், நீங்களும் வாங்கோ. என்ர கையைப் பிடிக்க ஒராள் வேணும். அவன் போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

மறுநாள் விடியவே மீன் விற்றுவிட்டு வந்து, மீன் வாடை போகத் தேசிக்காயால் கையையும் கழுத்தையும் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. எங்கள் இருவருக்கும் எப்படியோ ஒரு சீட் கிடைத்தது. ரிஷி கிற்றாரை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் நின்றான். கொண்டக்டர், "இந்தச் சவப்பெட்டிய ஆரடா ஏத்தினது?" என்று அவன் கொலரைப் பிடித்து இழுத்தான். கிற்றாரின் தலை கம்பியில் மோதியது. வேறொரு நாளென்றால் அந்த ஆளுக்குப் பல் மிஞ்சியிராது. சுலோஜனா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ரிஷி திரும்பித் தாயின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் தாயைப் பார்த்துச் சிரித்து நான் கண்டு எத்தனையோ வருடம்.

கடற்கரையில் மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் பாடுகிறவர்களை இருத்தியிருந்தார்கள். ரிஷி நரம்புகளை முறுக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு குழுவில் வந்திருந்த பையன் ஒருவன், இவன் வயதுதான் இருக்கும், எங்களைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்தினான்.

"ஆரடா மீன்காரியை உள்ள விட்டது? மைக்கெல்லாம் நாறப்போகுது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கே கொதி ஏறியது. நான் அவளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன், பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்கோ மச்சாள், வெளியில போய் நிப்பம்" என்றாள்.

நாங்கள் நாலு அடி வைத்திருக்கமாட்டோம். பின்னால் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. ரிஷி மைக் ஸ்டாண்டைத் தூக்கி அந்தப் பையனின் வாயில் அடித்திருந்தான். விழுந்தவனின் நெஞ்சில் ஏறியிருந்து குத்தினான். மூக்கில், வாயில், மறுபடியும் மூக்கில். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கேள்வி கேட்டான்.

"இனிச் சொல்லுவியா? சொல்லுவியா? வாயத் திற, சொல்லுவியா?"

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வாய் இருக்கவில்லை.  பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து வளவிலிருந்து என் காதில் விழுந்த கேள்வி அது, ரிஷியை அடிக்கும் சுலோஜனாவின் குரலில். அவளும் அடையாளம் கண்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்று ஆம்பிளைகள் பிடித்து இழுத்தார்கள். ரிஷி திமிறிக்கொண்டு மறுபடியும் ஸ்டாண்டை எடுத்து ஓங்கினான். சுலோஜனா ஓடிப்போய் அந்தப் பையனுக்கு மேலே குறுக்கே விழுந்தாள். அடி அவளின் இடது கண்ணுக்கு மேலே இறங்கியது. புருவம் பிளந்து இரத்தம் அந்தப் பையனின் முகத்தில் கொட்டியது. அப்போதுதான் ரிஷியின் கை நின்றது.

"அம்மா, அவன் உங்களைத்தான் சொன்னவன்" என்றான்.

"கேட்டது" என்றாள் அவள். "அதைக் கீழ போடு."

பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவனுடைய இரண்டு பற்கள் மணலில் கிடந்தன. விழாக்காரர் ரிஷியின் பெயரை வெட்டினார்கள். பொலிஸ் வந்து எல்லாவற்றையும் எழுதி, கூப்பிட்டால் வரவேண்டும் என்று தாயிடம் கையெழுத்து வாங்கியது. அவளுக்கு நாலு தையல் போட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிபோல பஸ் நிலையத்துக்கு வந்து, சுவரோடு இருந்த வாங்கில் உட்கார்ந்தோம்.

 பிறகு ரிஷி தாய்க்குக் கிட்ட வந்து இருந்தான்.

"நீங்கள் கை வைக்கேல்ல அம்மா. நான் உங்களோட வீட்ட வாறன்."

அவளின் முகம் அப்படியே மலர்ந்தது. தையலுக்கு மேல் ஒட்டிய பஞ்சு கழன்று தொங்கியது. அதைச் சரிசெய்ய அவன் கையைத் தூக்கினான். உடனே அவள் இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கிவிட்டாள். தெரிந்து செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது. ரிஷியின் கை அந்தரத்தில் நின்றது. அப்படி ஒடுங்குவதென்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அவள் முழங்கைகளை மெல்ல இறக்கினாள்.

"நீ மட்டக்களப்புக்குப் போ மகன்."

"நான் இனி அடிக்கமாட்டன் அம்மா. சத்தியமா."

"நானும் உன்னை அடிச்சுப்போட்டு ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான் நினைச்சனான். போ. உடுப்பெல்லாம் மாமியிட்டக் குடுத்து விடுறன்" என்று என்னைப் பார்த்தாள்.

அவன் அங்கேயே இருந்து அழுதான். மட்டக்களப்பு பஸ் வந்து ஆட்களை ஏற்றத் தொடங்கியது. அவன் எழும்பிப் போய் ஏறி யன்னலோரமாக இருந்தான். கிற்றாரை வாங்கிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்துக்கொண்டு எழும்பிய சுலோஜனா இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ மச்சாள், எனக்கு அவனுக்குக் கிட்டப் போக ஏலாமல் கிடக்கு" என்றாள்.