மேல்வீட்டுக்காரர் முளைக்க வைத்த பாலிகை

லிப்டுக்குள் புளித்த பாலின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. கையில் ஒரு கடைப்பை, பைக்குள் மூன்று மண்சட்டிகள். தை மாதக் குளிரில் வெளியே போய்த் திரும்பியதால் என் மூக்குக்கண்ணாடி புகார் பிடித்து மங்கியிருந்தது. அதனால் பக்கத்தில் நிற்பவர் யார் என்று முதலில் தெரியவில்லை. துடைத்துப் போட்டுப் பார்த்தால், எங்கள் மேல்வீட்டுக்காரர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் இப்போது இல்லை. அவர் காலமான பிறகுதான் இதை எழுத மனம் வந்தது. நோர்வேயில், ஸ்டோவ்னர் என்ற இடத்தில், எங்கள் மாடிக்கட்டடத்துத் தமிழ் ஆட்கள் அவரைக் 'கஞ்சாக்காரன்' என்றுதான் சொல்லுவார்கள். நோர்வேக்காரர், தனி ஆள். கூரை வேலை செய்து முதுகு முறிந்தவர். நோவு தாங்காமல் அலுமாரிக்குள் விளக்குப் பூட்டிக் கஞ்சாச் செடி வளர்த்திருக்கிறார். பொலிஸ் வந்து செடியையும் விளக்கையும் படியால் இறக்கிக்கொண்டு போனதைக் கட்டடமே கதவைத் திறந்து பார்த்தது. குற்றப்பணம் கட்டினார். அதற்குப் பிறகு அவர் யன்னலில் மிளகாய்க் கன்றும் தக்காளியும்தான் நின்றன. ஆனாலும் பெயர் போகவில்லை. என் மனைவி அவர் நிற்கும் லிப்டில் ஏறமாட்டா. "குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, அந்தாளோடை உங்களுக்கு என்ன கதை?" என்று என்னையும் தடுத்துவிடுவா.

அந்தத் தையில் எங்கள் மகளுக்குக் கலியாணம். முன்பு ஒருமுறை அவளுக்குப் பேசி, நாளும் வைத்து, பிறகு குழம்பிப்போனது. அந்தக் குழப்பத்தில் மகள் அழுததைவிடத் தாய் அழுததுதான் கூட. இந்த முறை எல்லாம் சரியாக நடக்கவேண்டும் என்று மனைவி கோயில் கோயிலாக நேர்த்தி வைத்திருந்தா. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு அன்று வீட்டில் கன்னிக்கால் என்கிற கலியாணக் கம்பை நட்டு, சுமங்கலிப் பெண்கள் நவதானியத்தைப் பாலில் நனைத்துச் சட்டிகளில் போட்டார்கள். அதுதான் பாலிகை. அது முளைத்துப் பச்சையாக மணவறைக்கு முன்னால் நிற்கவேண்டும். அது செழித்தால் குடும்பம் செழிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. முளைக்காவிட்டால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முளைக்கவில்லை. சாமியறை யன்னலடியில் சட்டிகள் கறுத்த மண்ணோடு அப்படியே கிடந்தன. கலியாண வீடென்று பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருவரும் "பிள்ளை நல்லா இருக்கவேணும்" என்று கும்பிட்டு ஒரு கரண்டி பால் விட்டார்கள். வந்தவர்களைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? மனைவியும் காலையும் மாலையும் விட்டா. ஒருநாள் அவ விரலால் கிண்டிப் பார்த்தபோது உளுந்து வழுவழுவென்று அழுகிக் கையோடு வந்தது. அன்று அவ சாப்பிடவில்லை. "இஞ்சரப்பா, அம்மாள் எனக்கு எதையோ காட்டிறா. இந்தக் கலியாணமும் குழம்பப் போகுது" என்றா. கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "விதை அழுகினால் அம்மாள் என்ன செய்யிறது? திரும்பப் போடுங்கோ. சுமங்கலி போட்டால் சரி" என்றார். பழையதைக் குப்பையில் போடக்கூடாது, தண்ணீரில்தான் விடவேண்டும் என்று மனைவி தந்துவிட்டா. கொண்டுபோனால் ஓடை கல்லாக உறைந்து கிடக்கிறது. அப்படியே திருப்பிக் கொண்டுவரும்போதுதான் அந்த லிப்ட்.

"பாலா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் அவர்.

மறைக்க எனக்குத் தெரியவில்லை. மகளின் கலியாணம், விதை, முளைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அவர் விரலை மண்ணுக்குள் விட்டு, எடுத்து மணந்து பார்த்தார்.

"குளிரில் வைத்து, பாலில் மூழ்கவும் விட்டிருக்கிறாய். விதைக்கும் மூச்சு வேண்டும். எத்தனை பேர் ஊற்றினீர்கள்?"

"வந்தவர்கள் எல்லாரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கள் மாடியில் கதவு திறந்தும் நான் இறங்கவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடு, பிழிந்த ஈரக் கடதாசிக்குள் வை, ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடு, உள்ளங்கைச் சூடு போதும், வெள்ளை மூக்கு வெளியே வந்த பிறகுதான் மண் என்றார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"எப்படியென்று இந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரியுமே" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கொதித்துவிட்டா. "உங்களுக்கு விசரே? கஞ்சா முளைக்க வைக்கிற மாதிரியோ என்ரை பிள்ளையின்ரை பாலிகை?" சூடு வேண்டும் என்பது மட்டும் அவவுக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் நிலம் சூடாக இருப்பது குளியலறையில் மட்டும்தான். "சாமிக்கு வைக்கிற தானியத்தைக் கொண்டுபோய்க் கக்கூசுக்குள்ளையோ வைக்கிறது?" என்று அதற்கும் இல்லையென்றா. கனநேரம் சாமிப்படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னா: "அந்தாளிட்டைச் சூடு காட்ட ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ."

இருந்தது. மிளகாய் விதைக்கு அடியில் விரிக்கிற கறுப்பு மின்சாரப் பாய் ஒன்று. கொண்டுவந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். மனைவி சாமியறை வாசலை மறித்துக்கொண்டு நின்றா. "கால் கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கோ." எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, குளியலறைக்குப் போய், அந்த நோகிற முதுகோடு குனிந்து இரண்டு காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். நனைந்த பாதத்தோடு அவர் நிற்கிறதைப் பார்த்த மனைவி துவாயை எடுத்து நீட்டினா. கஞ்சாக்காரன் என்ற சொல்லை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை.

ஒன்பது தானியத்தையும் கலக்காமல் தனித்தனியாக வைக்கச் சொன்னார். எங்கள் தானியங்களில் பலதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. எள்ளை விரல்நுனியில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தார். கொள்ளைப் பார்த்து, இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். "குதிரைக்கும் குடுக்கிறது, சளிக்கு நாங்களும் குடிக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றா மனைவி. மொழிபெயர்த்தேன். மனைவி பக்கம் திரும்பித் தலையாட்டினார். நெல் பிந்தித்தான் வரும்போல் இருக்கிறது, அதைக் கிளறிக் கிளறிப் பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்களில் வந்த பெண்களை மனைவி சாமியறைக்குள் விடவில்லை. கோபித்தவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு ஒரு காலை, நான் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன், வீட்டுக்கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி இல்லை. சாமியறையில் தட்டு திறந்திருக்கிறது. பயற்றில் வெள்ளை வேர் சுருண்டு நிற்கிறது, உளுந்தும் வெடித்துவிட்டது. கட்டின எனக்குச் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையை எழுப்பவில்லை. கலைந்த தலையோடு, படியேறிப் போய் அந்த மனிதருடைய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறா. அவவுக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி வேலையிடத்துக்கு மட்டும்தான் போதும். "வந்திட்டுது, வந்திட்டுது" என்று தமிழிலேயே சொல்லுகிறா. அவருக்கு விளங்கிவிட்டது.

மனைவிதான் திரும்பவும் மண்ணில் போட்டா. கலியாணத்தன்று பாலிகை மணவறைக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. அவரையும் கூப்பிட்டிருந்தோம். பழைய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். தாலி கட்டி முடிந்ததும் லில்லெஸ்ட்ரோமில் இருந்து வந்த சம்பந்தி அம்மா பாலிகைக்குக் கிட்ட வந்து நின்றா. ஆசாரத்தில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள் அவ.

"இந்தக் குளிருக்குள்ளை இப்பிடி முளைச்சு நான் காணேல்லை. ஆர் பார்த்தது?"

'நானே பார்த்தேன்' என்று மனைவி சொல்லியிருக்கலாம். போட்ட கை அவவினதுதானே, அதில் பொய்யும் இல்லை. சம்பந்தி வீட்டாருக்கு அந்த மனிதரின் பழைய கதை தெரியவந்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்தேன். மனைவி கடைசி வரிசையைக் கையால் காட்டினா.

"அங்கை இருக்கிறார், எங்கடை அண்ணை. முளைப்பிச்சது அவர்தான்."

சம்பந்தி அம்மா திரும்பிப் பார்த்தா. பிறகு சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தா. "அப்ப ஏன் பின்னுக்கு இருத்தி வைச்சிருக்கிறியள்? முதல் பந்தியிலை இருத்துங்கோ" என்று சொல்லிக்கொண்டு தானே அவரிடம் போனா. சந்தனத்தை எங்கே பூசுவதென்று தெரியாமல் அவர் கையை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

இன்று மேல்வீட்டில் வேறு ஆட்கள். மகள் லில்லெஸ்ட்ரோமில் நன்றாக இருக்கிறாள், எல்லாம் அவன் செயல். ஆடி அமாவாசைக்கு என் தகப்பனாருக்கு நான் விரதம் பிடிக்கிறேன். அன்று படைக்கும்போது மனைவி இன்னொரு வாழையிலையும் போடுவா. நோர்வேக்காரருக்கு இதெல்லாம் போய்ச் சேருமோ என்று முதல் வருடம் கேட்டேன். "கூடப்பிறந்தவருக்குச் சேராமல் எங்கை போறது?" என்றா. சோறு, கறி எல்லாம் வைத்து, கடைசியில் அந்த இலைக்குப் பக்கத்தில், அவர் குடிக்கிற மாதிரியே, சீனி போடாத கறுப்புக் கோப்பி ஒரு கோப்பை, ஆவி பறக்கப் பறக்க.