காளைக்கு வெட்டும் நரம்பு

மாட்டின் காலைப் பார்த்தே அது எத்தனை வருஷம் வண்டி இழுக்கும் என்று சொல்லிவிடுவார் தங்கையன். சாலைக் கம்போளச் சந்தையில் இருபது வருஷம் வண்டி அடித்த மனுஷன். லாரிகள் வந்து காளைகள் போன பிறகு, கலைந்துபோன ஒரு சர்க்கஸிலிருந்து இடுப்பு உயரம்கூட இல்லாத குட்டைக் குதிரை ஒன்றைப் பிடித்துவந்து, சங்குமுகம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிப் பிழைத்தார். பெயர் அம்மிணி. அவர் நாக்கைச் சொடுக்கினால் எங்கே நின்றாலும் ஓடிவரும்.

அம்மிணியின் பின்கால்கள் வளைவே இல்லாமல் நட்டுவைத்த கம்புபோல இருந்தன. தொண்ணூற்றொன்பது நவம்பரில் வலது காலின் முட்டிச்சில்லு மேலேறி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கால் பின்னால் விறைத்து மணலில் கோடு கிழிக்கும். பிறகு வெடுக்கென்று மடங்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார்கள் பயந்து அவர்களை இறக்கிக்கொண்டு போனார்கள்.

கால்நடை டாக்டர் அனுஷா முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

“பிறவி அமைப்பு அண்ணாச்சி. பாரம் ஏத்தாண்டாம். நாலு மாசம் தெனமும் நேரா நடத்துங்க, தொடையில சதை வச்சா தானே சரியாவும். சில்லப் பிடிச்சிருக்க நரம்ப மட்டும் வெட்டிராதீங்க, கேட்டோ.”

“காளைக்கு வெட்டுவோமே டாக்டரே. காலையில வெட்டி மத்தியானம் வண்டியில பூட்டுவோம்.”

“இது காளை இல்லல்லோ. குதிரைக்கு வெட்டி ஓடவிட்டா சில்லு ஒடஞ்சு போவும்.”

தங்கையனுக்குச் சுருக்கென்றது. நேற்று முளைத்த பெண் அவருக்குக் காலைப் பற்றிப் பாடம் எடுப்பதா! அதோடு கிறிஸ்துமஸ் கூட்டம் நாலு மாசம் காத்திருக்குமா? பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். இங்கே பட்டது அம்மிணி.

மனைவி சுசீலாபாய் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்ள, முற்றத்தில் வைத்து அவரே நரம்பை வெட்டினார். குதிரை எழுந்து நாலடி வைத்தது. கால் அழகாக மடங்கியது.

“பாத்தியாட்டி! நான் பாக்காத காலா?”

கிறிஸ்துமஸுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்றினார். ஒரு வாரம் ஓடியது. புதுவருஷத்தன்று முட்டி பூசணிக்காயாக வீங்கி, அம்மிணி காலை ஊன்றவே இல்லை. அனுஷா வந்து பார்த்தாள். “சில்லு ஒடஞ்சிருக்கு. இனி நடக்காது,” என்றாள். ‘சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மூன்று காலில் நிற்கும் குதிரையை நாலுபேர் பார்க்க வாசலில் கட்டிவைக்க அவருடைய வீம்பு இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, வித்துரா தாண்டிக் காட்டோரம் இறக்கிவிட்டார். திரும்பி நடந்தால் அம்மிணி நொண்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஒரு கல்லை எடுத்து எறிந்தார். இன்னொன்று எறிந்தார். மூன்றாவது கல் அந்த முட்டியிலேயே பட்டது. விழுந்த குதிரை தட்டுத்தடுமாறி எழுந்து, மறுபடியும் அவரைப் பார்த்தே வந்தது. பாவி மனுஷன் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் சுசீலாபாய் சோறு போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“போயிட்டா?”

“போச்சு,” என்றார் தங்கையன். “நல்லா நடந்து போச்சு.”