பால் எந்தப் பக்கம்

ஆனந்தராஜா தைப்பொங்கலன்று காலை ஒரு கள்ள வேலை செய்தார். புலம்பெயர்ந்து வந்த பனிதேசத்தில், ஹவுகன்ஸ்டுவா என்ற நகர்ப்பகுதியின் ஐந்தாம் மாடிப் பல்கனியில், பனியை வழித்துக் கோலம் போட்ட இடத்தில் காஸ் அடுப்பை வைத்தபோது, சுவர்ப் பக்கத்துக் காலின் கீழே கடை விளம்பரத்தாள் ஒன்றை மடித்துச் செருகினார். பானை மறுபக்கம் சற்றே சரிந்தது. சும்மா பார்த்தால் தெரியாது.

புது நெல் வீடு வந்ததும், அதை விளையவைத்த சூரியனுக்கு முதற்சோறு படைத்து நன்றி சொல்லத் தொடங்கியதுதான் இந்தப் பொங்கல். பேருந்து ஓட்டும் ஆனந்தராஜாவுக்கு வயலுமில்லை, மாடுமில்லை. ஆனால் பால் கிழக்கே வழிந்தால் நல்லது, தெற்கே வழிந்தால் கூடாது, அது எமனின் திசை என்பதை மட்டும் அவர் விடவில்லை. மற்ற வருடங்களில் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். இந்த வருடம் சிரிப்பு எங்கே வரும்? மனைவி கஜேந்தினியின் மார்புக் கட்டியில் எடுத்த பரிசோதனையின் முடிவை இன்று பத்து மணியளவில் டொக்டர் தொலைபேசியில் சொல்லப்போகிறார்.

பள்ளிக்கு லீவு சொல்லி நின்ற மகள் சோபிகாவுக்கு இது தெரியாது. தெரிந்த இருவரும் இரண்டு கிழமையாக அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவ்வளவு பயம்.

எதிர்க் கட்டடத்துக் கூரைக்கு மேலே வெளிச்சம் கசிந்தது. போன வருடமும் சூரியன் அங்கேதான் தலைகாட்டியது. அந்தப் பக்கம் பார்த்துத்தான் பானையைச் சரித்திருந்தார். நுரை எழும்பி, சரியாக அந்தப் பக்கமே வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கிழக்காலைதான் வழிஞ்சது. பாத்தனீரே?" என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் கேட்டார்.

சோபிகா கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்லையப்பா. கொம்பாஸிலை இது சோர், தெற்கு. பனிக்காலத்திலை இஞ்சை சூரியன் கிழக்கிலை வாறேல்லை."

ஆனந்தராஜா பால் வழிந்த பக்கத்தையே பார்த்தார். சூரியன் வருகிற இடமெல்லாம் கிழக்கென்று நம்பி, தன் கையாலேயே பானையை எமன் பக்கம் சரித்துவிட்டாரே!

வழிந்த பாலைத் துடைக்கக் குனிந்த கஜேந்தினி தாளைக் கண்டாள்.

"இதென்னப்பா?"

அவர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கு நன்றி சொல்லுற நாள். நீங்கள் சாத்திரம் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்."

குசினிக்குள் தொலைபேசி அடித்தது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடியூடாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. "யா... யா..." என்பது மட்டும் கேட்டது. கையில் அள்ளிய அரிசியைப் போடவும் தோன்றாமல் அவர் நின்றார்.

"ஆரம்மா?" என்றாள் சோபிகா, தாய் திரும்பி வந்ததும்.

"பிறகு சொல்லுறன், பிள்ளை." கஜேந்தினி கணவனின் காதருகே வந்தாள். "நாளைக்கு வரட்டாம். ரெண்டு பேரையும்."

நல்ல செய்தியென்றால் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பார்கள். அது இருவருக்கும் விளங்கியது.

"அரிசியைப் போடுங்கோ. பால் வத்துது."

அவர் குனிந்து அந்தத் தாளை உருவி எடுத்தார். அடுப்பு நேராக நின்றது. அரிசிக் கையால் பானையை மூன்றுமுறை சுற்றினார். விடிந்ததிலிருந்து அவளை விட்டுவிடு, விட்டுவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்த மனிதர், கூரை விளிம்பில் அப்போதுதான் எட்டிப்பார்த்த சூரியனை நிமிர்ந்து பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசம் இவளோடை இருக்க விட்டனீ," என்றார். "நன்றி."

கஜேந்தினியும் ஒரு பிடி அரிசி அள்ளி, அவர் கையோடு சேர்த்துப் போட்டாள்.