கில்மோரன் மேட்டில் இரண்டு குழந்தைகள்

தபால்காரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கான்செப்டா மறுபடியும் மாணவியானாள். மேயோ மாவட்டத்துக் கரையோரம் கில்மோரன் மேட்டில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தைக் கடல் புயலுக்குப் புயல் கடித்துக்கொண்டிருந்தது. மிச்சமும் போவதற்குள் தோண்டிப் படித்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் ஆசிரியை கிராணியா வந்திறங்கினாள், பின்னால் ஒரு பட்டாளம் வெளிநாட்டுப் பிள்ளைகள். உள்ளூர்க்காரருக்கும் ஓரிடம் உண்டு என்றதும் கான்செப்டா மழைக்கோட்டோடு போய் நின்றாள்.

எழுநூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் அவளுக்கு உடனே பிடித்துப்போனார்கள். பல் தேய்மானத்தில் வயது, இடுப்பெலும்பின் வளைவில் ஆணா பெண்ணா, முதுகெலும்பில் சுமந்த பாரம். எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் குழியிலேயே குச்சி குச்சியாக ஏதோ தட்டுப்பட்டது.

"கடல்பறவையா?" என்றாள் பக்கத்துக் குழி மார்னி, அமெரிக்கப் பெண்.

கிராணியா குப்புறப் படுத்துப் பார்த்தாள். "குழந்தை," என்றாள். ஒரு சாண் தள்ளி இன்னொன்றும் இருந்தது. முதல் குழந்தையின் இடுப்பருகே துருவேறிய ஒரு ஊக்கு.

"அந்தக் காலத்துல இந்த மாதிரி ஊக்கு ஏது? இது ரொம்பப் பின்னாடி புதைச்சது. ஞானஸ்நானம் ஆகாம செத்த பிள்ளைங்கள இங்கதான்…"

"தெரியும்," என்றாள் கான்செப்டா.

அந்தக் கரையில் யாருக்குத்தான் தெரியாது? அவளுக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, அழாமலே போய்விட்டான். ஊர்க் கல்லறையில் அவனுக்கு இடமில்லை. அப்பா சோப்புப் பெட்டியில் வைத்துத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார். எங்கே என்று வீட்டில் பேச்சே கிடையாது.

"இது பையனா, பொண்ணா?"

"இந்த வயசுல எலும்பு அதைச் சொல்லாதுங்க."

"எல்லாத்தையும் சொல்லும்னீங்களே!" கான்செப்டாவின் குரல் உயர்ந்தது. எதற்காகக் கத்தினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

காவல்துறைக்குச் சொல்லி, அனுமதி வரும்வரை வேலை நின்றது. கான்செப்டா முதியோர் இல்லத்துக்குப் போனாள். அம்மா அங்கே ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா அந்தப் பிள்ளையை எங்கம்மா கொண்டுபோனார்?"

"மலை மேல. ஏரிக்கரையில."

"கில்மோரன்ல இல்லையா?"

"அங்கதான். கடலைப் பார்த்த மாதிரி."

"ரெண்டுல எது நிஜம்?"

"எனக்கென்னடி தெரியும்? உங்கப்பா ஒரு நேரம் அப்படிம்பார், ஒரு நேரம் இப்படிம்பார். நான் தேடிக்கிட்டுப் போயிடுவேன்னு பயம்."

"போனியா?"

"ரெண்டு இடத்துக்கும் போனேன். ரெண்டுலயும் வெறுங்கல்லுதான்."

அம்மாவின் எச்சிலை அந்த எலும்புகளோடு ஒப்பிட்டு உறவு பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று கிராணியா முன்னமே சொல்லியிருந்தாள். "என் எச்சில்ல என்னடி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே சோதனைக் குழாயில் துப்பினாள் அம்மா.

குளிர்காலத்தில் பதில் வந்தது. இரண்டாவது குழந்தை பெண், இவர்களுக்கு உறவில்லை. ஊக்கோடு கிடந்த குழந்தையின் எலும்பு மிகவும் கெட்டுவிட்டது, ஒன்றும் தேறவில்லை. கான்செப்டா தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறுதலா, ஏமாற்றமா? தன் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டினாளா, இருக்கக் கூடாது என்றா? ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து போய்த் துணி துவைத்தாள்.

வசந்தத்தில் இரண்டையும் ஒரே சின்னப் பெட்டியில் வைத்து ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சக்கர நாற்காலியில் அம்மாவும் வந்திருந்தாள். பாதிரியார் குனிந்து, "ஏதாவது பெயர் சொல்லணுமா?" என்று கேட்டார். கான்செப்டா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோல்மன்," என்றாள் அம்மா, சத்தமாக.

திரும்பும் வழியில் கான்செப்டாதான் காரை ஓட்டினாள். கடைசியில் கேட்டேவிட்டாள். "அவனுக்குப் பேர் வச்சிருந்தியா? இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீ எங்கேன்னுதானே கேட்ட? பேரைக் கேக்கலையே." அம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். "அந்தப் பொட்டப் பிள்ளைக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம், பாவம். யார் பெத்ததோ."

கான்செப்டா வண்டியை ஓரம் கட்டினாள். ஏன் நிறுத்தினாய் என்று அம்மா கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கும் ஒரு பேர் சொல்லும்மா," என்றாள் கான்செப்டா.