தவக்காலத்தில் பூட்டிய சுருட்டுப் பெட்டி

ஈஸ்டர் மத்தியானம், சம்பந்தி வீட்டார் சுற்றி நிற்க, ஓஸ்வால்ட் மாமா தன் சுருட்டுப் பெட்டியைத் திறந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே சுருட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையும் பச்சையுமாக ஒரே பூஞ்சணம். நனைந்த கோணிச் சாக்கின் வாடை ஹால் முழுக்கப் பரவியது. இன்னும் இரண்டு வாரத்தில் மகள் கல்யாணம். அந்த விருந்தில் கொடுப்பதற்கென்றே அவர் பதினைந்து வருஷமாகப் பாதுகாத்து வந்த சுருட்டுகள் அவை.

ஓஸ்வால்ட் மாமா என் அக்கா எலிசபெத்தின் புருஷன். பெங்களூர் காக்ஸ் டவுனில் கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நான். மாமாவுக்குப் பீன்யாவில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் வேலை. எதைக் கொடுத்தாலும் அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார். இட்லி மாவு எவ்வளவு பொங்கியது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த மனுஷன். நான் கண்ணால் கண்டேன்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பால்கனியில் ஒரே ஒரு சுருட்டு, அவ்வளவுதான். கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் பழக்கிவிட்டது. மகள் தீபிகா சின்னப் பிள்ளையாகக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய வருஷம், வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல ஜாதிச் சுருட்டுகளை எடுத்துத் தனியாக வைத்து, "இது பாப்பா கல்யாணத்துக்கு" என்றார். அப்படி வருஷக்கணக்கில் வைத்தால் காரம் அடங்கி மணம் கூடுமாம். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வித்தியாசம் என்பார்.

ஆனால் அரிசியைப் போல மூட்டை கட்டிப் போட்டுவிட முடியாது. ஈரம் குறைந்தால் இலை வெடிக்கும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகவே செடார் மரத்தில் செய்த பெட்டி அது. நாங்கள் சுருட்டுப் பெட்டி என்போம், அவர் ஹியூமிடர் என்று திருத்துவார். உள்ளே ஒரு ஸ்பாஞ்சு. அதில் டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பெட்டியின் முகப்பில், உள்ளே இருக்கும் ஈரத்தைக் காட்டும் வட்ட மீட்டர். முள் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். காலையில் மனைவியிடம் சொல்லிக்கொள்ளாமல் வேலைக்குப் போனாலும் போவார், முள்ளைப் பார்க்காமல் போக மாட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் ஒவ்வொரு வருஷமும் சுருட்டை விட்டுவிடுவார். கோயிலுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொன்றை விடுவது வழக்கம்தான். பெட்டிக்குத் தண்ணீர் விடுவதை மட்டும் நிறுத்தியதில்லை. இந்த வருஷம் என்ன புத்தியோ, தீபிகாவின் கல்யாணம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்று திருநீற்றுப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்து பெட்டியைப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் இத நான் தொறக்கமாட்டேன். இது என் நேர்ச்சை."

அக்கா சாவியைத் தாலிச் செயினில் ஊக்கால் மாட்டிக்கொண்டாள்.

தவக்காலம் வருவதே பெங்களூரின் கோடையில். ஒரு காலத்தில் ஃபேன் இல்லாமல் தூங்கிய ஊர், இப்போது மார்ச்சிலேயே உதடு வெடிக்கிறது. பெட்டிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரம் பார்த்து நிறுத்தியவரை என்னவென்று சொல்ல?

முள் இறங்கியது. அறுபதுக்கு வந்தது, ஐம்பத்தைந்துக்கு வந்தது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஸ்வல்ப தண்ணி ஊத்துனா சுருட்டு பிடிச்ச மாதிரி ஆயிடுமா மாமா? அக்காகிட்ட சொல்லுங்க, அவ ஊத்தட்டும்."

"நான் சொல்லி அவ ஊத்துனா நான் ஊத்துன மாதிரிதான். சாமிகிட்ட சாமர்த்தியம் காட்டக் கூடாது மச்சான்."

பெட்டியைச் சுற்றி ஈரத் துண்டைக் கட்டினார். வெளியே நனைக்கலாமாம், அதற்குச் சாமியிடம் அனுமதி உண்டாம். முள் அசையவில்லை.

பிறகு ஒரு நாள் அது ஏறத் தொடங்கியது. மாமா என்னை மாடியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. பூட்டிய பெட்டி, தண்ணீர் விட ஆளில்லை, முள் எழுபதில் நிற்கிறது. எனக்கே மயிர் கூச்செறிந்தது. அந்த வாரம் அன்பியத்தில், அதாவது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், மாமா எழுந்து நின்று இந்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொன்னார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அக்கா பக்கத்தில் தலையைக் குனிந்தபடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

முள் அதோடு நிற்காமல் எண்பதையும் தாண்டியது. பூஞ்சணம் பிடிக்கும் என்று எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? கேட்டேன்.

"கடவுள் குடுக்கறப்போ போதும்னு சொல்ல முடியுமா மச்சான்?"

இட்லி மாவை அளந்த மனுஷன் வாயிலிருந்து இந்தப் பேச்சு. அதிர்ந்துபோய் மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

ஈஸ்டருக்கு மாப்பிள்ளையின் அப்பா பால்ராஜ் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். அந்த அதிசயப் பெட்டியைக் காட்டுங்கள் என்று அவரே கேட்டார். அப்போதுதான் மாமா அதைத் திறந்தார்.

பால்ராஜ் மூக்கைப் பொத்திக்கொள்ளாததே பெரிய மரியாதை. மாமா ஒரு சுருட்டை எடுத்தார், அது விரலோடு பிய்ந்து வந்தது. ஸ்பாஞ்சை அழுத்தினார், தண்ணீர் வழிந்தது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"டிஸ்டில்ட் வாட்டரா?"

"தீர்த்தம். வேளாங்கண்ணியிலருந்து கொண்டாந்தது, தெனமும் ஒரு மூடி. நீங்க சாப்பிடாம ஒக்காந்திருந்தீங்க, பாக்க முடியல. நீங்க சொல்லாம நானா ஊத்துனா உங்க நேர்ச்சை கெடாதுன்னு நெனச்சேன்."

"அன்பியத்துல நான் எழுந்து சொன்னப்போ பக்கத்துலதான இருந்த?"

"உங்க மொகத்துல அவ்ளோ சந்தோஷம். எப்படிங்க சொல்றது?"

மாமாவின் முகம் கறுத்துப் போனது. சம்பந்தி நிற்கிறார் என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"பதினஞ்சு வருஷம், எலிசபெத். என் பொண்ணுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சது. இந்த வீட்ல ஒரு பொருள நம்பி விட முடியல."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தீபிகா முன்னால் வந்தாள்.

"அம்மாவ விடுங்கப்பா. கல்யாணம் முடிஞ்சு நாங்க எங்க இருக்கப்போறோம், உங்களுக்குத் தெரியுமா?"

மாமா விழித்தார். "எங்க? ஹொரமாவு ஃப்ளாட்டுலதான."

பால்ராஜ் சட்டென்று தரையைப் பார்த்தார்.

"டப்ளின்ப்பா. அவருக்கு அங்க வேலை கெடச்சிருக்கு. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரம் ஃப்ளைட்டு. உங்ககிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். ஒரு வாட்டி இதே எடத்துல நின்னு சொன்னேன். நீங்க தலையாட்டிட்டு, 'பாரு பாரு, எழுபத்தஞ்சு ஆயிடுச்சு'ன்னீங்க."

பூஞ்சணத்தைப் பார்த்து நான் அதிர்ந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. தெருவில் காய்கறி விற்கும் ஜெயலக்ஷ்மிக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. பெற்றவருக்குத் தெரியவில்லை. இல்லை என்று மறுக்க மாமா வாயெடுத்தார். தலையாட்டியது ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. விரலில் ஒட்டிய புகையிலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன வருஷத்துக்கும்மா?"

"தெரியலப்பா. அங்கயே இருந்துடுவோம்னு நெனைக்கிறேன்."

மாமா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுங்க" என்றாள் அக்கா. "உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சுட்டிருந்தோம்."